கேட்டு வாங்கிய தழும்பு

பீரோவின் அடித்தட்டைத் திறந்ததும் தோல் வாசனை வந்தது. ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு தோல் வாசனை வந்தது என்று எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். காற்று திரும்பினால் தோல் ஃபாக்டரியிலிருந்து நம் தெருவுக்கே அது வரும், போகும். இது அது இல்லை. ஷூவுக்குள் லைனிங் வைக்கிற மெல்லிய ஆட்டுத் தோலின் வாசனை. என் மகள் நித்யாவின் ஆஸ்பத்திரிப் பைக்காகத் தேடிக்கொண்டிருந்தேன். குழந்தையைச் சுற்ற, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டிகள் வேண்டும். அவற்றின் அடியில் என் தோல் பட்டை கிடந்தது. இரண்டு விரல் அகலம், ஒரு முழ நீளம். நடுவில் என் நகங்கள் பதித்த சின்னச் சின்னப் பிறைகள் அப்படியே இருக்கின்றன.

அதை மடியில் வைத்துக்கொண்டு உன்னோடு சண்டை போட ஆரம்பித்தேன். நீ இறந்துபோனதிலிருந்து நமக்குள் சண்டை ஜாஸ்தியாகிவிட்டது. பஸ்ஸில், கேன்டீனில், அடுப்படியில், எங்கே நின்றாலும் உன்னிடம் எதையாவது நிரூபித்துக்கொண்டே இருக்கிறேன்.

நித்யாவுக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்பு முடிந்து இங்கே கூட்டி வந்துவிட்டோம். தலைப்பிரசவம் நம் வீட்டில்தான். ஆனால் நாள் குறித்தது காவேரிப்பாக்கத்தில், அவள் மாமியார் வீட்டில். போன வாரம் சம்பந்தியம்மா போன் செய்தார்கள்.

“அண்ணி, ஜோசியர் மூணு நாள் எடுத்துக் குடுத்திருக்கார். அதுல புதன்கிழமை காலையில லக்னம் ரொம்ப நல்லா இருக்குதாம். டாக்டரம்மாகிட்ட பையன் பேசிட்டான். அன்னிக்கே ஆபரேஷன் வெச்சிக்கலாம்னு சொல்லிட்டாங்க.”

“தலை இறங்கிடுச்சி, எல்லாம் நல்லா இருக்குதுன்னுதான ஸ்கேன்ல சொன்னாங்க. வலி தானா வரட்டுமே அண்ணி.”

“அது ராகு காலத்துல வந்தா இன்னா பண்றது?”

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மருமகளுக்கு ஏழாம் மாதம் முழுக்கத் தன் கையால் கீரை ஆய்ந்து சமைத்துப் போட்டவர்கள். பேரப்பிள்ளைக்கு நல்ல ஜாதகம் கொடுக்க முடியும்போது ஏன் விட வேண்டும் என்று நினைக்கிறார்கள். டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். காத்திருந்தாலும் சரி, அன்றைக்கு வைத்துக்கொண்டாலும் சரி, வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள் என்றார். வீட்டில் என்றால் யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்காமல் வந்துவிட்டேன்.

அந்தக் காலத்தில், ரயில் பாதையை ஒட்டிய நர்சிங் ஹோமில் நீ நர்ஸாகப் பிரசவம் பார்க்கச் சேர்ந்த புதிது. நான் பி.காம் முடித்துவிட்டு ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் ஒரே பஸ். ஒருநாள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே சொன்னாய், வலி வரும்போது பெண்கள் பிடிக்கிற கட்டில் கம்பி வியர்வையில் வழுக்குகிறது, துணியைக் கட்டினால் கையை அறுக்கிறது என்று.

“உங்க கம்பெனியில வெட்டிப் போடற லைனிங் துண்டு இருந்தா கொண்டு வாடீ.”

பக்கத்தில் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார். உனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? சூப்பர்வைசரிடம் கேட்டு, கழிவு மூட்டையிலிருந்து பட்டைகளாக வெட்டிக் கொண்டுவந்தேன். ஒவ்வொருத்திக்கும் புதிதாக ஒன்று. பெற்று முடித்ததும் அதைச் சுருட்டி அவள் கையிலேயே கொடுத்து அனுப்பினாய். இந்த ஊரில் எத்தனை பீரோக்களில் அவை இருக்கின்றனவோ.

பிள்ளை பெற என் முறை வந்தபோது நான் வெட்டிக் கொடுத்த பட்டையில் ஒன்றுதான் எனக்கும் வந்தது. மல்லாந்து படுக்க முடியவில்லை. முதுகு பிளந்தது. நீ ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாய்.

“உனக்கு எப்படி இருந்தா தேவலாம்?”

“எனக்கு இன்னா தெரியும்? நீதான நர்சு, நீயே சொல்லு.”

“நான் சொன்னா செஞ்சிடுவ. அதான் வேணாம்னு உன்னைக் கேக்கறேன்.”

கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாய். அந்த வலியிலும் உன்னைத் திட்டினேன். உன் முகத்தில் அவசரமே இல்லை. கடைசியில், நிற்கணும் என்றேன். பட்டையை அவிழ்த்து ஜன்னல் கம்பியில் கட்டினாய். அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஆடினேன், குந்தினேன். சத்தம் வெளியே போகக் கூடாது என்று பல்லைக் கடித்தபோது, “கத்துடீ, இது உன் மாமியார் வூடு இல்ல” என்றாய். சிரித்ததும் கத்தியதும் ஒன்றாக வந்தது.

அன்றிலிருந்து நான் பிரச்சாரத்துக்குக் கிளம்பிவிட்டேன். கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் பெண்கள் யாராவது முழுகாமல் இருப்பது தெரிந்தால் போதும், கேன்டீனில் பிடித்து உட்கார வைப்பேன். கத்தி மட்டும் வேண்டாம், நின்று பெறலாம், என் தோஸ்த் இருக்கிறாள் என்பேன். சில பெண்கள் என்னைக் கண்டால் டிபன் பாக்ஸோடு வேறு மேஜைக்குப் போனார்கள்.

பிறகு நீயே உன் பையனை ஆபரேஷனில் பெற்றுக்கொண்டாய். தானாகப் பிறக்க எந்தத் தடையும் இல்லை என்று டாக்டர் சொல்லியும் நீயாகக் கேட்டுச் செய்துகொண்டாய் என்று உன் வீட்டுக்காரர் வராந்தாவிலேயே சொல்லிவிட்டார். கையில் பன் பொட்டலத்தோடு உள்ளே வந்து, “நீயே இப்படிப் பண்ணலாமா?” என்று கேட்டேன். நீ போர்வைக்கு மேலே வயிற்றைத் தொட்டுக் காட்டினாய்.

“நான் பாத்த பிரசவம் எல்லாம் என் உடம்புல ஏறி உக்காந்திருக்குடீ. என்னால ஆவாதுன்னு எனக்குத் தெரியும். டாக்டர் கேட்டாங்க, சொன்னேன். இது நான் கேட்டு வாங்கின தழும்பு. நீ நிக்கணும்னு கேட்ட, நின்ன. இதுல வித்தியாசம் எங்க இருக்குது?”

நான் ஏதோ பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

“பேஜார் பண்ணாத. அந்தப் பன்னை எடு, பசிக்குது.”

நேற்று சாயங்காலம் நித்யா அடுப்படியில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டிப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பட்டையை அவள் மடியில் வைத்தேன். ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். ஜன்னல் கம்பி, நீ, நான் நின்ற கதை, புதன்கிழமை வேண்டவே வேண்டாம் என்பதற்கான காரணங்கள். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள்.

“அத்தை பஞ்சாங்கத்தைப் பாத்து முடிவு பண்றாங்க. நீ நர்ஸ் ஆன்ட்டியை நெனச்சி முடிவு பண்ற. நடுவுல வயித்தைத் தூக்கிக்கினு நான் ஒருத்தி இருக்கறேன். என்னை யாராவது கேட்டீங்களாம்மா?”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. உனக்காகத்தானே பேசுகிறேன் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு மணையை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

“உனக்கு எப்படி இருந்தா தேவலாம்?”

“தெரியல.”

குக்கர் விசில் அடித்தது. எழுந்து அணைத்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அந்த ஸ்டூலில் உனக்கு எப்படி முடிந்தது இது? என் நாக்கு நுனியில் பத்துப் பதில்கள் நின்றன, எல்லாம் என்னுடையவை.

“வலி வர்ற வரைக்கும் இருந்து பாக்கறேன்,” என்றாள் கடைசியில். “இந்த உடம்பு இன்னா பண்ணுதுன்னு எனக்குத் தெரியணும். ஆனா நடுவுல என்னால ஆவலன்னு சொன்னேன்னா, ஆபரேஷன்தான். அப்போ நீ ‘இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ’ன்னு ஒரு வார்த்தை சொன்னாலும் வெளிய அனுப்பிடுவேன்.”

“சரி.”

“நெஜமா?”

“சரின்னு சொல்றேன்ல.”

மாமியாருக்கு அவளே போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள், நான் கேட்கட்டும் என்றோ என்னவோ.

“புதனை விட்டா அப்புறம் நல்ல நட்சத்திரமே இல்லியேம்மா.”

“அது பொறக்கறப்போ இன்னா இருக்குதோ அதுதான் அத்தை அதோட நட்சத்திரம்.”

அந்தப் பக்கத்திலிருந்து, “கீரை சாப்பிட்டியா?” என்றார்கள். அது சம்மதமா, கோபமா, எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை இன்னும் பேசவில்லை.

என் பட்டையை நித்யா திருப்பிக் கொடுத்துவிட்டாள். “இது உன்னுது. எனக்கு வேணும்னா புதுசு கொண்டா.” இன்று கம்பெனியில் ஒன்று வெட்டி வாங்கினேன். கைப்பையில் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.

நாளை புதன்கிழமை. அந்த நல்ல நேரம் அவள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கடந்துவிடும். அதன் பிறகு எந்த நாள், எந்த மணி என்று யாருக்கும் தெரியாது. நீ இருந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டாவது இருப்பேன். இப்போது அந்த ஸ்டூலில் நான்தான் உட்கார வேண்டும். “என்னால ஆவலம்மா” என்று அவள் சொன்னால், டாக்டரைக் கூப்பிட எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி முன் நின்று வாயை மூடிப் பழகுகிற பைத்தியம் என்று நீ சொல்வாய்.

புதுப் பட்டை வழவழவென்று இருக்கிறது. அதில் ஒரு நகக்குறி விழலாம், அவள் தொடாமலே அது வீட்டுக்கு வந்தும் சேரலாம்.