மீதிப் பாதித் தாள்

என் செல்லக் கழுதைக்கு,

எப்படி இருக்கிறாய்? நன்றாகத்தான் இருப்பாய். புது அறை பிடித்திருக்கிறதா? பிடித்திருக்கும்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் இப்போது ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிறகு கூடிப் பேசுகிறோம். என் வகுப்புக்கு வந்த கணக்கு வாத்தியார் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தார்: "கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. பசங்க வாயைத் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடுது மேடம்."

"அவங்களுக்குத் தெரியாதுன்னுதான்..." என்று இழுத்தேன்.

"காத்திருந்து பாத்தீங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

இன்று கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். உயிர் போய் உயிர் வந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் பதில் சொன்னாள். நான் வைத்திருந்த பதிலைவிட நன்றாக இருந்தது.

ஏன் வீட்டைவிட்டுப் போனாய், கண்ணு?

கீழே பாதித் தாள் காலியாக இருக்கிறது. அதில் நான் எதுவும் எழுதப்போவதில்லை.

அம்மா