பத்திரிகையில் ஒரு வரி

ஜனவரி 4

என் வாலுக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் இந்தக் கூடம் முழுக்கக் காது முளைத்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். நாங்கள் சௌக்கியம். தையல் மிஷின் மேல் நாலு ரவிக்கை காத்துக் கிடக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பஸ் ஓட்டுகிற மும்முரத்தில் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு திரிகிறாயா?

உன் செல்லத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. "சித்தி வந்தாத்தான் மேடை ஏறுவேன்" என்று என் மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். மாதிரிப் பத்திரிகை ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். நம் வீட்டு வழக்கப்படி, கடைசியில் "திருமதி & திரு" போட்டு உன் வீட்டுக்காரர் பெயர் இருக்கும். உங்கள் விவாகரத்து சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது. யாராவது கேட்டால் "அவருக்கு லீவு கிடைக்கலை" என்று சொல்லிக்கொள்ளலாம். கத்தாதே. ஒரு வரிதானேடி.

பிரியமுள்ள அக்கா

ஜனவரி 18

அன்பு அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், பிஸ்கட்டும்தான். கல்யாணச் சேதியை டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டேன். மெக்கானிக் அம்மா கிரீஸ் கையோடு கட்டிப்பிடித்ததில் என் சீருடை போயே போயிற்று. அப்புறம்தான் அந்த வரியைப் படித்தேன்.

வீட்டுக்காரரா? இந்த ஒற்றை அறைக்கு நான்தான் வீட்டுக்காரி. என் முதல் லைசென்ஸைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிப் போட்டு, "இப்ப ஓட்டு பாக்கலாம்" என்று சொன்ன மனிதர் அவர். மறுபடி வாங்கினேன். ஓட்டிக்கொண்டும் இருக்கிறேன்.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருவேன். தலை நிறையப் பூ வைப்பேன். பந்தி பரிமாறுவேன், பெரியவர்கள் காலில் விழுவேன். அதெல்லாம் எனக்கும் ஆசைதான், யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் இல்லாத புருஷனுக்குப் பக்கத்தில் நிற்க மாட்டேன். பஸ்ஸில் என் தலைக்கு மேலே ஒரு அட்டை தொங்குகிறது. "ஓட்டுநர்" என்று போட்டு என் பெயர், அது மட்டும். ஊரே அதை நம்பி ஏறி உட்காருகிறது. உன் பத்திரிகைக்கு அது போதாதா? அத்தானுடைய தம்பி பெயருக்குப் பக்கத்தில் "கிளை மேலாளர்" என்று இருக்கிறதே, அதேபோல என் பெயருக்குப் பக்கத்தில் "பேருந்து ஓட்டுநர்" என்று போடு.

உன் வாலு

பிப்ரவரி 2

அடியே,

உன் கடிதத்தை அரிசி டப்பாவில் ஒளித்தும் அத்தான் கண்ணில் பட்டுவிட்டது. வீடு இரண்டுபட்டது. "அவ புருஷன் பேரு இருந்தா இருக்கட்டும், இல்லேன்னா அந்த வரியே வேண்டாம். பஸ் டிரைவராம்! இது கல்யாணமா, டிப்போ திறப்பு விழாவா?" என்று குதிக்கிறார்.

கல்யாணம் முடிகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிரேன். நான் இருபத்தாறு வருஷமாகக் கடித்துக்கொண்டுதானே இருக்கிறேன். மாசக் கடைசியில் பத்திரிகை அச்சுக்குப் போகிறது.

அக்கா

பிப்ரவரி 13

அக்கா,

அவர் பெயரோடு அடித்தால் கண்டிப்பாக வருவேன். மண்டப வாசலில் நின்று, "வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்கிற அத்தனை பேருக்கும் கத்தரிக்கோல் கதையைச் சொல்வேன். சம்பந்தியம்மாவில்தான் ஆரம்பிப்பேன். வரியையே எடுத்துவிட்டால் வர மாட்டேன். செல்லத்தின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க முடியவில்லையே என்று இங்கே உட்கார்ந்து அழுவேன். ஆனாலும் வர மாட்டேன்.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பத்திரிகையை நாலு தரம் படித்தேன். அத்தான், அவர் அப்பா, அவர் தம்பிகள், எல்லார் பெயரும் இருக்கிறது. பெண்ணைப் பெற்றவள் நீ. உன் பெயர் எங்கே அக்கா?

வாலு

மார்ச் 3

வாலு,

டிக்கெட்டைப் போடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் மிஷினில் உட்கார முடியவில்லை, உன் மேல் அவ்வளவு கோபம். மூன்றாம் நாள் பத்திரிகையை எடுத்து நானே தேடினேன். எங்கேயும் நான் இல்லை.

போன வாரம் செருப்பை மாட்டிக்கொண்டு, "அச்சகத்துக்குப் போறேன். ரெண்டு வரிய மாத்தணும்" என்று அத்தானிடம் சொன்னேன். "என்னைக் கேக்காமயா?" என்றார். "அதான் சொல்லிட்டுப் போறேனே" என்றேன். போகிற வழியில் சம்பந்தி வீட்டிலும் ஏறி, "என் தங்கச்சி விவாகரத்து ஆனவ. தனியா இருக்கா. பஸ் ஓட்டுறா" என்று போட்டு உடைத்துவிட்டேன். சம்பந்தியம்மா என்னை உட்காரச் சொன்னார். அப்புறம், "எவ்வளவு பெரிய பஸ்?" என்று கேட்டார்.

அச்சகக்காரர் உன் வரியை எழுதிக்கொண்டார். "பொண்ணோட அம்மா பேரையும் சேத்துக்குங்க" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "அம்மா பேரு என்னம்மா?" என்றார். நம் வீட்டு விசேஷம் அத்தனைக்கும் பத்திரிகை அடித்தவர், வாலு! என்னைப் பார்த்தே கேட்கிறார். என் பெயரை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

பத்திரிகை இதோடு இருக்கிறது. என் பெயர், பக்கத்தில் "தையற்கலைஞர்". அதற்குக் கீழே உன் பெயர், "பேருந்து ஓட்டுநர்". அத்தான் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேசும்போது பேசட்டும், எனக்குத் தைக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

சீக்கிரம் வந்து சேர். மண்டப வாசலில் நாம் இரண்டு பேரும்தான் நிற்கப் போகிறோம்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்