ஐஸுக்குள் ஒரு தோடு

விமலா,

ஐஸ்பெட்டியில் இருந்த உன் கெம்போங் மீனைப் பக்கத்து வீட்டு பெட்ரீசியா அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். மதியம் உன் அண்ணன் பீடோரிலிருந்து கொய்யாவோடு வருவதற்குள் வாங்கிவிடு.

மீன் இருந்த இடத்தில் நேற்று இருபத்து மூன்று கிண்ணங்களில் தண்ணீர் உறைய வைத்தேன். இன்று என் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பனிக்காலப் பாடம். பனி என்றால் என்ன என்று கேட்டதற்கு ஒருத்தன், "ஐஸ் கச்சாங் சார்" என்றான். கடையில் சிரப் ஊற்றித் தரும் துருவிய ஐஸ்தான் அவனுக்குத் தெரிந்த பனி. அதனால்தான் இந்த ஏற்பாடு. ஆளுக்கொரு கிண்ணம். ஐஸைக் கையால் உருக்கி உள்ளே இருக்கும் பொருளை எடுக்க வேண்டும். பொருளெல்லாம் உன் பொத்தான் டப்பாவிலிருந்து பார்க்காமல் அள்ளிப் போட்டவை.

காலையில் பார்த்தால் ஒரு கிண்ணத்துக்குள் உன் தோடு மின்னுகிறது. "நீங்கதான்லா எங்கயாச்சும் தூக்கிப் போட்டிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு மூன்று நாளாகப் பேசாமல் இருக்கிறாயே, அதே தோடு. டப்பா உன்னுடையது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கிண்ணம் மேசையில் இருக்கிறது. சுத்தியல் வேண்டாம். பிள்ளைகளுக்குச் சொன்ன விதிதான் உனக்கும்: கையில் பிடித்துக்கொண்டு பொறுமையாக இரு.

தனேஸ்

பி.கு.: இப்போதுதான் உறைக்கிறது. நீ தொலைத்தது ஒரு ஜோடி. மேசையில் இருப்பது ஒன்று. மற்ற கிண்ணங்களில் ஐஸ் வெள்ளையாக இருக்கிறது, உள்ளே எதுவும் தெரியவில்லை. மச்சானைச் சாப்பிடச் சொல், எனக்காகக் காத்திருக்க வேண்டாம். கடைசிக் கிண்ணம் உருகும்வரை இன்று ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போகாது.