எவர்சில்வர் செம்பில் பொங்காத பால்

ஐப்பசி 8, வெள்ளி. விடிந்ததிலிருந்து தூறல்.

புது மைக்ரோவேவுக்குச் சந்தனம், குங்குமம். நானே பார்த்துப் பார்த்து வாங்கியது. முதலில் பால் பொங்க வேண்டும் என்றார் இவர். அதற்கு என் கல்யாணச் சீரில் வந்த, பேர் வெட்டிய எவர்சில்வர் செம்பு. நானும் தலையாட்டினேன், புத்தி எங்கே போச்சோ! படபடவென்று நீலப் பொறி. இவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

பார்க்க வந்திருந்த நாத்தனார் கோமு: "எண்ணே, மொதப் பாலே பொங்கல. இந்த வீட்டுக்கு ஆகாது. வேணும்னா நான் தூக்கிட்டுப் போயிருதேன்."

இவர்: "ஞாயித்துக்கெழம ஆட்டோ கூட்டிட்டு வா."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களுக்கு ஆகாதது பாளையங்கோட்டையில் இவள் வீட்டுக்கு மட்டும் ஆகுமாக்கும்! அழுகையாக வந்தது.

ஐப்பசி 9, சனி. மழை இல்லை. துணி காய்ந்தது.

கூட வந்த புத்தகத்தை இன்றுதான் படித்தேன். உலோகம் உள்ளே போகவே கூடாதாம். தப்பு செம்பு மேல்.

சோதனை: காலிப் பாத்திரம், பக்கத்தில் கண்ணாடிக் கப்பில் தண்ணீர், ஒரு நிமிடம். தண்ணீர் மட்டும் சுட்டால் பாத்திரம் தேறும்.

தங்கக் கரை போட்ட கப் - கரையும் உலோகம்தான். உள்ளேயே விடவில்லை.
ஐஸ்கிரீம் டப்பா - இளகிவிடும். வேண்டாம்.
இந்த வீட்டுப் பால்காய்ப்புக்குக் கோமு கொடுத்த மெலமின் தட்டு - தண்ணீர் வெதுவெதுப்பு, தட்டு கையைச் சுட்டது. வேண்டாம். வேண்டவே வேண்டாம்! (சந்தோஷம்தான், ஒளிப்பானேன்.)

டவுண் பஸ். ரத வீதிப் பாத்திரக்கடை. அண்ணாச்சி, "வெள்ளிப் பூ போட்டத எடுங்க, பார்வையா இருக்கும்லா?" என்றார்.

"பூ வேண்டாம் அண்ணாச்சி. அடியில மைக்ரோவேவ்னு போட்ட வெறுங் கண்ணாடிக் கிண்ணம் குடுங்க."

வீட்டில் சோதித்தேன். தேறியது! இவரிடம் மூச்சு விடவில்லை.

ஐப்பசி 10, ஞாயிறு. சுள்ளென்று வெயில்.

கோமு, ஆட்டோவோடு. "மைனி, அட்டப்பெட்டி எங்க?"

"பைய இரு. காப்பி குடிச்சிட்டுப் போ."

கண்ணாடிக் கிண்ணத்தில் பால். இவர் வாசல் வரை பின்வாங்கி, "ஏட்டி, வேண்டாம்! வெடிக்கப் போகுது!"

அழுத்தினேன். பொறி இல்லை, சத்தம் இல்லை. பால் ஏறி, குபுக்கென்று பொங்கி வழிந்தது. குலவை போட்டுவிட்டேன்!

இவர் வந்து குனிந்து பார்த்தார். "கோமு, ஆட்டோவ அனுப்பிரு. பொங்கிட்டுல்லா."

கோமு காப்பியைக் குடித்தாள். கிளம்பும்போது மெல்ல, "மைனி, கிண்ணம் எந்தக் கடையில?"

சொன்னேன். மெலமின் தட்டு நிறைய முறுக்கு வைத்துக் கொடுத்தேன். தட்டைத் திருப்பித் தர வேண்டாம் என்றேன்.