பெட்டி மூடியில் எழுதிய பெயர்கள்

இன்று காலை ஒரு கையெழுத்துக்காக பேக்டரிக்குப் போனேன். பெட்டி கட்டும் அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆள் மை டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, துடைப்பதா ஓடிவிடுவதா என்று நின்றுகொண்டிருந்தார். மண்ணெண்ணெயில் கரைத்த அந்தக் கறுப்பு மையின் நாற்றம் மூக்கில் ஏறியதும் வந்த வேலை மறந்துபோயிற்று. அது உன் வாசனை. கல்யாண வீட்டுக்குச் சந்தனம் பூசிக்கொண்டு வந்தாலும் உன்மேல் அதுதான் அடிக்கும். "பந்தியில எம்பக்கத்துல எப்பவும் ரெண்டு எல காலியா கெடக்கும் மச்சான், கால நீட்டி சாப்பிடலாம்லா" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எழுத வேண்டும் என்று எட்டு மாதமாக நினைக்கிறேன். நினைத்தவுடன் களைப்பு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஆபீசில் நாளெல்லாம் கடிதம் எழுதுகிறவனுக்கு வீட்டிலும் எழுத்தா என்று மனைவி கேட்பாள். அதனால் இதை ஆபீசிலேயே எழுதுகிறேன், தோட்டத்துத் தாளில், தோட்டத்துப் பேனாவால். துரை எட்டிப் பார்த்தால் உரத்துக்கு ஆர்டர் எழுதுவதாகச் சொல்லிக்கொள்ளலாம். அவருக்குத் தமிழ் படிக்க வராது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? இருந்தாலும் ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன். நேரில் ஒருநாளும் சொன்னதில்லை அல்லவா.

நான் அப்போது பேக்டரி மாடியில், கொழுந்து வாட்டும் இடத்தில். கொழுந்து வாடுவதைப் பார்த்துக்கொண்டு நானும் வாடுவதுதான் வேலை. நீ கீழே, எழுத்து வெட்டிய தகரத்தைத் தேயிலைப் பெட்டிமேல் வைத்து மை பூசி ரகத்தைப் போட்டு, நம்பரையும் ஊர்ப் பெயரையும் தூரிகையால் எழுதுகிறவன். ஆபீசில் கணக்கும் கடிதமும் எழுதும் சின்னக் கிராணி வேலை காலியானது. பேக்டரியிலேயே ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் இருந்தால் பரீட்சை எழுதட்டும் என்று துரை சொன்னார். பெயர் கொடுத்தது நீயும் நானும் மட்டும். மற்றவர்களுக்கு அறிவு இருந்தது.

எனக்கு அந்த வேலை எதற்கு? முழுக்காற்சட்டை போட்டுக்கொண்டு லயத்து வரிசை வீடுகள் வழியாக நடக்க ஆசை, அவ்வளவுதான். உனக்கு அப்படியில்லை. கிராணிக்குத் தனி வீடு உண்டு; பலகைத் தரை, ஒழுகாத கூரை, வெயில் படுகிற சன்னல். லயத்து ஈரத்தில் உன் மனைவிக்கு இளைப்பு. மழைக்காலத்தில் அவர் சுவரோரம் உட்கார்ந்து மூச்சை எட்டிப் பிடிப்பதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்காகத்தான் நீ பெயர் கொடுத்தாய்.

பிரிஞ்சாங் டவுனில் பாய் கடையில் அட்டை போன ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அதில் பாதிப் புத்தகம் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும் சொற்கள். கடைசி இரண்டு எழுத்து இடம் மாறினால் வேறு பொருள். நடுவில் ஓர் எழுத்து நகர்ந்தால் வேறு பொருள். வெள்ளைக்காரனுக்கு எழுத்துப் பஞ்சம் போலிருக்கிறது என்றேன். நீதான் ஒரு வழி கண்டுபிடித்தாய். "லயத்துல அண்ணன் தம்பி எல்லாம் ஒரே அச்சுதான மச்சான். நாம குழம்புறமா? மூஞ்சிய பாக்காத. நடைய பாரு."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஜோடிச் சொல்லுக்கும் லயத்தில் ஒரு ஜோடி ஆளைப் பிடித்தோம். பகல் மூன்று மணி தேத்தண்ணி நேரத்தில், பெட்டி மூடியைக் கவிழ்த்துப் போட்டு, சாக்கட்டியால் சொற்களை எழுதுவாய். டயரியும் டெய்ரியும் மேட்டு லயத்து அண்ணன் தம்பிகள்: ஒருவர் ஊரில் யார் யாரோடு சண்டை என்று தேதி வாரியாகச் சொல்வார், மற்றவர் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுவார். அமைதிக்குக் கொயட், குழாயடி வீட்டு மாப்பிள்ளை. கல்யாணமானதிலிருந்து வாய் திறக்காதவர். கொயிட், அவருடைய தம்பி; எதைக் கேட்டாலும் "ரொம்பலா, ரொம்ப" என்பவர். இப்படி ஆறு வாரத்தில் ஆங்கிலம் வந்ததோ இல்லையோ, தோட்டத்து வம்பு முழுக்க எனக்கு மனப்பாடம்.

நீ ஒன்றே ஒன்று சொல்லியிருந்தாய். "சொல்ல மட்டும் எழுது. ஆளு பேர எழுதாத, மனசுல வச்சிக்க."

எனக்கு மனசு ஏது? பரீட்சைக்கு முந்தின வியாழக்கிழமை, நீ லோரிக்குப் பெட்டி ஏற்றப் போயிருந்தபோது, மூடியில் நீ எழுதி வைத்திருந்த ஏஞ்சல், ஆங்கிள் என்ற இரண்டையும் துடைத்துவிட்டு நானே எழுதிப் பழகினேன். பக்கத்தில் தமிழில் பெயரும் போட்டேன். ஏஞ்சலுக்கு நேராகச் செல்வி. ஆங்கிளுக்கு நேராகப் பாக்கியம். பாக்கியம் நம் கங்காணியின் மனைவி. செல்வி, பாக்கியத்தின் கல்யாணமாகாத தங்கை. முகம் அச்சு அசல் ஒன்று. ஆனால் கங்காணியம்மா பக்கத்தில் போனால் ஏதாவது ஒரு மூலை நம்மைக் குத்தும். எழுதி முடித்து நானே ரசித்துச் சிரித்தேன். சங்கு ஊதியதும் துடைக்காமல் மாடிக்கு ஓடிவிட்டேன்.

கங்காணிக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் தெரியும். தன் வீட்டுப் பெண்கள் இருவர் பெயரும், பக்கத்தில் புரியாத ஆங்கிலமும் எழுதியிருப்பதைப் பார்த்தால் எவனும் நல்லதாக நினைக்க மாட்டான். மூடியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கே போய்விட்டார். நம் இரண்டு பேரையும் கூப்பிட்டு விட்டார்கள்.

"இதுல என்ன எழுதியிருக்கு, படிங்க கிராணி ஐயா" என்றார் கங்காணி.

பெரிய கிராணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "ஆங்கிள்னா மூல."

"எம்பொண்டாட்டி மூலையா?"

"ஏஞ்சல்னா தேவத."

கங்காணியின் முகம் மாறியது. மூலையைக்கூட மன்னித்திருப்பார். "கல்யாணம் ஆவாத பொண்ணுக்குத் தேவதன்னு எழுதுனவன் எவன்டா? நாளைக்கு ஈப்போவுலேருந்து பொண்ணு பாக்க வர்றாங்க. எவன்டா அது?"

பாடம் என்று சொன்னால் நம்பவா போகிறார்கள்? பெரிய கிராணி என்னையும் உன்னையும் மாறிமாறிப் பார்த்தார். "எழுதுனவன் ஒத்துக்கிட்டா அவன் மட்டும் பரீட்சைக்கு வர வேணாம். ஒத்துக்கலன்னா ரெண்டு பேருமே வர வேணாம். வெளியாளப் போட்டுக்கிறோம்."

சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்துகொண்டே இருந்தது. நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். வலது காலில் கயிறு அறுந்திருந்தது, அதை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தேன். பிறகு உன் குரல் கேட்டது.

"நாந்தான் ஐயா."

திங்கட்கிழமை நான் மட்டும் பரீட்சை எழுதினேன். ஒரே மாதிரி இருக்கும் சொற்களில் சரியானதை எழுதச் சொல்லி ஒரு பக்கம். நடையைப் பார்த்துப் பார்த்து எழுதினேன், ஒன்றும் தப்பாகவில்லை. வீடு மாறிய அன்று என் அலமாரியின் ஒரு முனையைத் தூக்கி வந்தவன் நீ. பலகைத் தரையை மிதித்துப் பார்த்து, "நல்லா கதகதன்னு இருக்குலா" என்றாய். நான் தேத்தண்ணி போடச் சொல்லி உள்ளே ஓடினேன். செல்விக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஈப்போ மாப்பிள்ளையே கட்டிக்கொண்டு போனார், மூன்று பிள்ளைகள். ஆகக்கூடி நஷ்டம் உனக்கு மட்டும். அதைப் பற்றி நீ அப்புறம் வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தாலாவது நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி முடித்திருப்பேன். நீ காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராதபோது, தகவல் பலகைக்கு அறிவிப்பை நான்தான் தட்டச்சு செய்தேன். நான்கு வரி. ஒரு பிழை கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை, இனியும் சுமக்க முடியாது என்று பஸ் பிடித்துக் கம்போங் ராஜாவுக்குப் போனேன். கங்காணி வேலையை விட்டபின் அங்கே மகனோடு இருக்கிறார். கால் ஏக்கரில் முட்டைக்கோஸ் போட்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "வாங்க கிராணி, உரம் ஏதாச்சும் மிச்சம் கொண்டாந்தீங்களா?" என்றார்.

பாத்தி ஓரத்தில் குந்தி, கோஸைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அன்னைக்கு மூடியில எழுதுனது அவன் இல்ல. நான்."

அவர் களை பிடுங்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"அவன் கைய தினமும் பெட்டி மேல பாக்குறவன் நான். அச்சடிச்ச மாதிரி இருக்கும். பலகையில இருந்தது கோழி கிண்டுன மாதிரி கெடந்துச்சு. பெரிய கிராணிக்கும் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நின்னோம்லா. அவனும் அதுக்குத்தான் நின்னான். நாந்தான்னு சொல்றதுக்கு முந்தி உங்க மூஞ்சியையே ரொம்ப நேரம் பாத்தான். நீங்க கீழ பாத்துக்கிட்டிருந்தீங்க." களையை உதறிப் போட்டார். "அவன் ஒத்துக்கிட்டப்புறம் நாங்க என்ன பண்றது? இல்லடா, நீ இல்லன்னு அவன்கிட்ட சண்டையா போட முடியும்?"

இத்தனை வருஷமாக நான் ஒன்றை ஒளித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆபீசுக்கே தெரிந்திருந்தது. உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். நீ காத்திருந்தாய் என்பதுதான் தெரியாது. திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து ஆள் வெங்காய மூட்டையை என் காலில் வைத்தார். இறங்கும்வரை அதை அப்படியே வைத்துக்கொண்டு வந்தேன்.

உன் மனைவி நேற்றும் கொழுந்து நிறுக்கும் இடத்தில் இருமிக்கொண்டு நின்றார். மேல் லயத்தில் வெயில் படுகிற ஒரு வீடு காலியாகப் போகிறது. அவருக்குக் கேட்டு துரைக்கு எழுதியிருக்கிறேன். கொடுப்பாரா, தெரியவில்லை. கொடுத்தாலும் பதினைந்து மழைக்காலம் தாமதம்.

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இப்போது யாருமில்லை, மச்சான். எல்லோருக்கும் கிராணிதான். யாராவது அப்படிக் கூப்பிட்டால் என்னால் உடனே திரும்ப முடிவதில்லை. ஒரு கணம் கீழே என் காலைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.