முட்டி வரைக்கும் கவுன்

வெள்ளிக்கிழமை

கள்ளக்குறிச்சி டாக்டர் இன்னிக்கு என் மகளை நிக்கவெச்சுப் பாத்தார். முன்ன மாதிரி முட்டி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிக்கல. வளர்ற வயசுலயே முட்டி எலும்புல தகடு வெச்சதால கால் நேராயிடுச்சாம்.

எனக்கும் அதே மாதிரி முட்டி இடிக்கிற கால்தான். "உங்களுக்கு வளர்ச்சி முடிஞ்சிடுச்சும்மா, எலும்பை அறுத்துத்தான் நேராக்கணும்"ன்னார். சின்ன வயசுல எங்கம்மா, "பாவாடைக்குள்ள இருக்கிற கால யாரு பாக்கப்போறா?"ன்னு வுட்டுடுச்சு.

சங்கராபுரத்துல பஸ்ஸ வுட்டு எறங்கினதும் அவ ஓடினா. எனக்கு வயிறு எரிஞ்சுது. பெத்த பொண்ணு மேலயே.

துணிக்கடை வாசல்ல நின்னுக்கினு, "அம்மா, முட்டி வரைக்கும் இருக்குதே, அந்த கவுன் வாங்கிக் குடும்மா"ன்னா. அவளுக்கு அழகாத்தான் இருக்கும்.

"பாவாடையே போதும், வாடி"ன்னு இழுத்துக்கினு வந்துட்டேன்.