கீரப்பாளையத்துக் கைப்பிடி

பிப்ரவரி 6, வியாழன்

இன்றைக்கு மட்டும் நாலு முறை வயர் சிக்கிவிட்டது. வெல்டிங் கன்னை அழுத்தினால் உள்ளே ரோலர் சுற்றுகிறது. வயர் வெளியே வராமல் மெஷினுக்குள்ளேயே சுருண்டு, சிக்கு விழுந்த தூண்டில் நரம்பு மாதிரி நிற்கிறது. வெட்டி எடுத்து மறுபடி கோர்த்துவிட்டால் ரெண்டு இஞ்ச் ஓடும், மறுபடி சிக்கும். வயர் தானாக ஓடிவரும் இந்த மிக் வெல்டிங் மெஷின் வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. பதினெட்டு வருஷம் செம்மங்குப்பம் கம்பெனியில் ராடு வெல்டிங் அடித்தவன் நான். எனக்கே தண்ணி காட்டுகிறது.

வேலையோ அவசரம். கீரப்பாளையம் நடனசபாபதி சார் வீட்டுக்குக் கைப்பிடிக் கம்பி. அவர் மனைவி அமராவதி அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து சிதம்பரத்தில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறார். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை அந்தக் கம்பியைப் பிடித்துத்தான் நடக்க வேண்டும்.

என் மனைவி பிரியாவின் தம்பி ஜேக்கப் என்னோடுதான் வேலை செய்கிறான். "ராடு மெஷின்லயே அடிச்சிடலாம் மாமா. இது விட்டு விட்டு வருது, உள்ள புடிக்காது" என்றான். நான் மிக்கில் அடித்த ஒரு இரும்பு கேட்டைப் பார்த்து, அதே வழவழப்பு வேண்டும் என்றுதான் சார் வேலையைக் கொடுத்தார். எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

சர்ச்சில் முதல் வெள்ளிப் பூசைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் மெஷின் இடம் மாறியிருக்கிறது. கேபிள் மடங்கிக் கிடக்கிறது. வந்ததே கோபம் — நான் இல்லாத நேரத்தில் எவன் வேலைக்கோ இதை ஓட்டிக் கெடுத்தது நீதானே என்று ஜேக்கப்பைக் கேட்டேன். ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டிருக்கலாம். பிரியா எதிரிலேயே கேட்டேன்.

"பெருக்கறதுக்கு நகத்தி வெச்சன் மாமா. ஓட்டல" என்றான். நம்பவில்லை. பொய் சொல்கிறவனுக்கு என்னிடம் வேலை இல்லை என்று சொல்லிவிட்டேன். இட்லித் தட்டு அப்படியே இருக்க, சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பிரியா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தனியாகவே கைப்பிடியின் எட்டு ஜாயின்ட்டையும் அடித்தேன். விட்டு விட்டுத்தான் வந்தது. மேடு பள்ளத்தை கிரைண்டரில் தேய்த்து, பெயின்ட் அடித்து, சாயங்காலம் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கீரப்பாளையம் போய்ப் பொருத்தினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 8, சனி

அமராவதி அம்மா வீடு வந்துவிட்டார். கம்பியைப் பிடித்து நாலடி நடந்தாராம், சார் போனில் சொன்னார். எனக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை?

பிப்ரவரி 10, திங்கள்

ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று மெஷினைப் பிரித்தேன். ரோலரில் கோளாறு இல்லை. முனையிலிருக்கும் டிப்பைப் புதிதாக மாற்றினேன், அப்படியும் வரவில்லை. கடைசியில் லைனரை உருவினேன். கேபிளுக்குள் வயர் ஓடுகிற, ஸ்பிரிங் மாதிரி நீளக் குழாய் அது. உள்ளே கறுப்புக் களிம்பு. இரும்புத் தூளும் எண்ணெயும் குழைந்து அடைத்திருக்கிறது. விரலில் எடுத்து மோந்து பார்த்தேன். காறல் எடுத்த தேங்காயெண்ணெய்.

அடப்பாவி. நான்தான்.

எங்கள் ஊர் முதுநகர்க் கடல் காற்றுக்கு இரும்பு ரெண்டு நாளில் சிவந்துவிடும். சுத்தியல், ஸ்பேனர், அரிவாள்மனை — எங்கள் தெருவில் எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் வைப்போம். நானும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாமான்களைத் துடைப்பேன். வயர் சுருளையும் சேர்த்துத்தான். ஒரு ஞாயிறு தவறியதில்லை. நேற்றுகூடத் துடைத்தேனே! அந்த எண்ணெய்தான் வயரோடு உள்ளே போய்த் தூளையெல்லாம் பிடித்து வைத்திருக்கிறது. ஜேக்கப் இதைத் தொடவே இல்லை.

அப்புறம்தான் அந்தக் கைப்பிடி நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை ஒட்டிப் பார்த்த துண்டு ஒன்று மீந்து கிடந்தது. வைஸ் இடுக்கியில் மாட்டிச் சுத்தியலால் ஒரு தட்டு. கையோடு வந்துவிட்டது. மேலே மட்டும்தான் ஒட்டியிருக்கிறது, உள்ளே பிடிக்கவே இல்லை.

இதைப் பிடித்துக்கொண்டா அந்த அம்மா நடக்கிறார்? உடனே சாருக்குப் போன் போட்டேன். "அம்மாவ கம்பியத் தொட வேணாம்னு சொல்லுங்க சார். நான் தப்பா அடிச்சிட்டன்."

பிப்ரவரி 11, செவ்வாய்

ராடு மெஷினைப் பைக்கில் கட்டிக்கொண்டு விடியும்போதே கிளம்பினேன். ஜேக்கப்புக்கு மூன்று தடவை போன், எடுக்கவில்லை. தப்பு என்னுடையது, கீரப்பாளையம் போகிறேன் என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவைத்தேன்.

கம்பியைக் கழற்றி வாசலில் போட்டுத் தட்டினேன். எட்டில் ஐந்து திறந்துகொண்டன. அமராவதி அம்மா ஜன்னலோரக் கட்டிலிலிருந்து ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நேத்து காலையில இத புடிச்சிதான் எழுந்தன் தம்பி" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் எனக்கு ராடு பற்றவே இல்லை.

பத்து மணிவாக்கில் ஜேக்கப் வந்தான். சிதம்பரத்தில் கூட்டாளி ரூமில் இருந்தானாம். என் முகத்தைப் பார்க்காமலே ராடு ஹோல்டரை வாங்கிக்கொண்டான். பழைய வெல்டைத் தேய்த்து எடுத்துவிட்டு எட்டையும் அவனே அடித்தான். திரும்பப் பொருத்தியதும், ஒவ்வொரு இடத்திலும் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான். என்னை மன்னித்துவிடு மச்சான் என்றேன்.

"எங்கிட்ட வேணாம். அக்காகிட்ட போயி சொல்லுங்க" என்றான். வண்டியைச் சிதம்பரம் பக்கமே திருப்பிக்கொண்டு போனான்.

பிப்ரவரி 12, புதன்

பிரியாவிடம் சொன்னேன். எண்ணெய் போட்டது நான், உன் தம்பி மேல் தப்பில்லை என்று. அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள்.

"தெரியும். எண்ணெயாலதான் சிக்குதுன்னு அவன் போன மாசமே எங்கிட்ட சொன்னான். ஒங்ககிட்ட சொல்லாதடா, கத்துவாருன்னு நாந்தான் தடுத்தன். அன்னிக்கு நீங்க திட்டறப்பவும் எம் மூஞ்சியத்தான் பாத்தான்."

நான் கத்துவேன் என்று பயந்து ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒரு அம்மா விழுந்திருப்பார். எழுதவே கேவலமாக இருக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

எதுவும் செய்யவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் ஜேக்கப் ஷெட்டில் நிற்கிறான். பிரியா சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். திருப்பாதிரிப்புலியூரில் வாங்கிய புது லைனரை மாட்டி, புது வயரைப் போட்டு, ஒரு துண்டில் ஓட்டிக் காட்டினேன். சிக்காமல் வந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அக்காவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

சொல்லு என்றேன்.

"கேபிள சுருட்டி வெச்சிக்கினே அடிக்கிறீங்க மாமா. நேரா விட்டாதான் வயர் நல்லா வரும்."

கோபம் சுர்ரென்று ஏறியது. ஏறவில்லை என்று எழுதினால் பொய். பிரியா கரண்டியும் கையுமாக நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேபிளை நேராக விரித்துப் போட்டேன். வேறு என்னென்ன தப்பு செய்கிறேன் என்று அவனைக் கேட்டேன்.

முதலில் தயங்கினான். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். சோறு ஆறிப்போன பிறகும் அவன் சொல்லி முடிக்கவில்லை.